ஒரு பேரேட்டில் இரண்டு பேனா: ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றின் ரிமோட் டெஸ்க்டாப், ஒரு நிகழ்வு ஆய்வு

“நெட் சரியில்லை, ஒருதரம் வந்து பாருங்க.” புகார் இந்த ஒரு வரிதான். சிங்கப்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியவர் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்தும் முதலாளி. பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தோடு அங்கே போய், ஒரு வேலையிலும் இருக்கிறார். பட்டறையை மேஸ்திரி பார்த்துக்கொள்கிறார். கணக்கு முழுவதும் கணக்கப்பிள்ளை ஐயா கையில். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டுக் கணக்கை எழுதிவருகிறவர் அவர்.

நான் காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். இந்த வேலையை விரிவாக எழுத ஒரு காரணம் உண்டு. ரிமோட் டெஸ்க்டாப் (ஒரு கம்ப்யூட்டரின் திரையை வேறு ஊரிலிருந்து திறந்து வேலை செய்யும் வசதி; முதலாளி ஆபீஸ் கணக்கைப் பார்ப்பது இதன் வழியாகத்தான்) அமைப்பது என்றால் எந்தப் பெட்டியில் டிக் போடுவது, எந்த போர்ட்டை, அதாவது நெட் வழியாக உள்ளே வரும் எண்ணிட்ட வாசலை, திறப்பது என்பதோடு நம் தொழிலில் பேச்சு முடிந்துவிடுகிறது. இங்கே அந்த டிக்குகளெல்லாம் ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் நான்கு மாதமாக வேலை நடக்கவில்லை.

புகாரைப் பிரித்துப் பார்த்தது

ஒரு வரிப் புகாரை வைத்துக்கொண்டு வண்டியை எடுப்பதில்லை என்று எனக்கு ஒரு வழக்கம். முதலாளியிடம் போனில் அரை மணி நேரம் பேசினேன். ‘நெட் சரியில்லை’ என்பதற்குள் நான்கு தனித்தனிப் புகார்கள் இருந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கனெக்‌ஷனே கிடைப்பதில்லை. ராத்திரியில் கிடைக்கிறது, ஆனால் பல நாள் ‘அக்கவுண்ட் பூட்டப்பட்டிருக்கிறது’ என்று செய்தி வருகிறது. உள்ளே போய்விட்டாலும் திரை நின்று நின்று நகர்கிறது. இதற்கிடையே, ஆத்தங்குடி ஆபீஸில் பில் பிரிண்ட் சில நாள் வருவதில்லை.

எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பழைய செய்திகளையே தேடி எடுத்துக் கொடுத்தார். ‘1.10, வரல’, ‘1.25, வரல’, ‘1.05, இன்னிக்கும் வரல’. அந்த நேரங்களைக் குறித்துக்கொண்டுதான் போனேன். பிறகு அதுவே சாவியாக அமைந்தது.

முதல் நாள், வீடு

பட்டறை ஊர் ஓரத்தில் இருக்கிறது. ஆபீஸ் ஊருக்குள், பூர்வீக வீட்டில். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். நடுவில் வளவு என்னும் உள்முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போகும். ஃபைபர் மோடம் முகப்பில், திண்ணைக்குப் பக்கத்து அறையில் இருந்தது. கணக்கப்பிள்ளை ஐயாவின் கம்ப்யூட்டர் இரண்டாம் கட்டில். இரண்டுக்கும் நடுவே சுண்ணாம்புச் சாந்து பூசிய கனத்த சுவர்கள், தேக்கு நிலைகள். வைஃபை அதையெல்லாம் தாண்டி வந்து ஒரு கோட்டில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

ஆச்சி, முதலாளியின் அம்மா, காபி கொடுத்துவிட்டு, “அவன் அங்கேருந்து கண்ணை வச்சுக்கிட்டே இருக்கான், ஆனா கண்ணுக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குதுங்கிறான், என்னப்பா கோளாறு?” என்றார்கள். புகாரை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இருந்த அமைப்பு இது. விண்டோஸ் 11 ப்ரோ போட்ட கம்ப்யூட்டர், முந்தின வருடம் வாங்கியது. ப்ரோ என்பது முக்கியம். ஹோம் பதிப்பிலிருந்து மற்ற கம்ப்யூட்டருக்குள் போகலாம், ஆனால் ஹோம் பதிப்புக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக யாரும் வர முடியாது. கணக்கு எழுதும் மென்பொருள் டாலி, ஒருவருக்கான சில்வர் உரிமம். விண்டோஸில் ஒரே ஒரு யூசர், பெயர் ‘அட்மின்’. இங்கே ஐயாவும் அதில்தான், அங்கே முதலாளியும் அதில்தான். இன்டர்நெட் கம்பெனியிடம் மாத வாடகைக்கு ஒரு நிலையான ஐபி (மாறாத இன்டர்நெட் முகவரி) வாங்கி, ரவுட்டரில் 33890 என்ற போர்ட்டைத் திறந்து, உள்ளே கம்ப்யூட்டரின் 3389க்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். ரிமோட் டெஸ்க்டாப்பின் இயல்பான போர்ட் 3389 என்பது உலகத்துக்கே தெரியும் என்பதால், வெளியே வேறு எண் வைத்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று முன்பு அமைத்தவர் நினைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பல வருடம் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். ஆனால் போர்ட்டுகள் மொத்தமே 65,535. அத்தனையையும் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் இரவு பகலாக ஓடுகின்றன. வீட்டு எண்ணை மாற்றி எழுதினால் வாசல் மறைந்துவிடுவதில்லை.

பூட்டிக்கொள்ளும் அக்கவுண்ட்

இரண்டாவது புகாரைத்தான் முதலில் எடுத்தேன், ஏனென்றால் அதில் ஆபத்து வாடை அடித்தது.

ஈவென்ட் வியூவரைத் திறந்து செக்யூரிட்டி பதிவுகளில் 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டினேன். தவறான பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே வர முயன்று தோற்றால் விண்டோஸ் எழுதிவைக்கும் எண் அது. பக்கம் பக்கமாக வந்தது. நள்ளிரவு, அதிகாலை, மத்தியானம் என்று இடைவெளியே இல்லை. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், யூசர், டெஸ்ட், ஸ்கேனர் என்று ஒவ்வொரு பெயராகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வந்த ஐபிகள் எல்லாம் அறியாத ஊர்கள். இதில் ‘அட்மின்’ என்ற பெயர் இங்கே உண்மையிலேயே இருந்தது. ஆகவே அதற்கு வந்த ஒவ்வொரு தவறான பாஸ்வேர்டும் கணக்கில் ஏறியது.

விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பிலிருந்து ஒரு பாதுகாப்பு இயல்பாகவே வருகிறது. பத்துமுறை தவறான பாஸ்வேர்ட் விழுந்தால் அந்த அக்கவுண்ட் பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. அதற்கு முன்னால், யாராவது ராப்பகலாக ஊகித்துக்கொண்டே இருந்தாலும் விண்டோஸ் பேசாமல் இருக்கும். ஆனால் வாசல் தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கும்போது இந்தப் பூட்டு வீட்டுக்காரரையே வெளியே நிறுத்திவிடுகிறது. திருடன் பத்துமுறை தட்டுகிறான், பூட்டு விழுகிறது, பத்து நிமிடம் கழித்துத் திறக்கிறது, மறுபடி பத்துமுறை. 4740 என்ற எண்ணில் ‘அக்கவுண்ட் பூட்டப்பட்டது’ என்று அடுக்கடுக்காகப் பதிவுகள். முதலாளி ராத்திரி உட்காரும்போது இடைவெளி கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி வரிப் படிவம் கட்ட வேண்டிய நாளுக்கு முந்தின இரவும் இப்படித்தான் வெளியே நின்றிருக்கிறார்.

“அந்தப் பூட்டுற செட்டிங்கை ஆஃப் பண்ணிடுங்க, போதும்” என்று போனில் கேட்டார். இந்த ஒரு இடத்தில் நான் கறாராக மறுத்தேன். அதை எடுத்துவிட்டால் அவருக்கு அன்றைக்கே எல்லாம் சரியானது போலத் தெரியும். பின்னால் ஒருநாள், ஊகம் பலிக்கும். அப்புறம் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் குறியாக்கம் செய்துவிட்டுப் பணம் கேட்பார்கள். பாஸ்வேர்ட் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இது தீராது என்பதற்கும் ஓர் உதாரணம் சொன்னேன். 2019 மே மாதம் ப்ளூகீப் என்ற ஓட்டை வெளியே வந்தது. பாஸ்வேர்டே தெரியாமல் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக விண்டோஸ் 7, எக்ஸ்பி கம்ப்யூட்டர்களுக்குள் புகக்கூடிய ஓட்டை. ஆதரவை நிறுத்தி ஐந்து வருடமான எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அன்றைக்குத் திருத்தம் வெளியிட்டது என்றால் அதன் கனம் புரியும். விண்டோஸ் 10க்கும் 11க்கும் அது பொருந்தாது. ஆனால் அடுத்த ஓட்டை எப்போது வரும் என்று யாரும் சொல்லிவிட்டு வருவதில்லை.

அன்று சாயங்காலமே ரவுட்டரில் அந்த போர்ட் திருப்பலை அழித்தேன். புது வழி போடும் வரை இரண்டு நாள் முதலாளி வெளியிலிருந்து வர முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் செய்தேன். என் போனில் மொபைல் டேட்டாவை வைத்து அந்த ஐபியைத் தட்டிப் பார்த்தேன், பதில் இல்லை. மறுநாள் காலை 4625இல் வெளியிலிருந்து வந்த புதிய பதிவு ஒன்றுகூட இல்லை.

சாப்பாட்டு நேரத்து மர்மம்

இப்போது அந்த ‘1.10, வரல’.

முதலில் நான் தப்பான இடத்தில் தேடினேன். பதிவுகளில் மத்தியானம் ஒரு மணியைச் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. வைஃபை இருந்தது, கம்ப்யூட்டர் விழித்திருந்தது. அரை நாள் இதில் போயிற்று. ஆச்சி சிங்கப்பூருக்குப் போன் போடுமுன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “அங்கே இப்ப ரெண்டரை மணி கூட” என்று தனக்குள் சொல்லிக்கொண்டபோதுதான் உறைத்தது. அவர் அனுப்பிய நேரமெல்லாம் சிங்கப்பூர் நேரம். அங்கே 1.10 என்றால் இங்கே 10.40.

அந்த நேரத்துக்கு வந்து வைஃபையின் பதிவைத் திறந்தேன். டபிள்யூலான்-ஆட்டோகான்ஃபிக் என்ற பெயரில் தனிப் பதிவேடு இருக்கிறது. அதில் 8003 என்ற எண் வைஃபை துண்டிக்கப்பட்டதைக் குறிக்கும். பக்கத்திலேயே காரணமும் எழுதியிருக்கும். சிக்னல் குறைந்து போனது, ரவுட்டர் போய்விட்டது என்று ஏதாவது எதிர்பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஒரே காரணம்: பயன்படுத்துபவரே துண்டித்தார். காலை பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் துண்டிப்பு, பதினொன்றரை தாண்டி மறுபடி இணைப்பு. ஞாயிறுகளில் இல்லை. பட்டறை விடுமுறை நாட்களில் இல்லை.

அந்த அறையில் உட்காருகிறவர் ஒருவர்தான்.

அந்தத் திரையைப் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பியிருக்கலாம். என்னைக் கூப்பிட்டவர் அவர், கூலி கொடுப்பவரும் அவர். அனுப்பவில்லை. பதிவேடு ‘யார், எப்போது’ என்று சொல்லும், ‘ஏன்’ என்று சொல்லாது. அது தெரியாமல் ஒரு பெரியவரைப் பற்றி முதலாளியிடம் பேசுவது நியாயமாகப் படவில்லை. இந்தத் தொழிலில் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழையும் உரிமை நமக்குக் கிடைக்கிறது. அதோடு சேர்ந்து வரும் பொறுப்பு இது என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கே போய் ஐயா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கோளாறு எதையும் பேசவில்லை. அவர் பில் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து இருபதுக்கு அவராகவே மவுஸை கீழ் மூலைக்குக் கொண்டுபோய் வைஃபையைத் துண்டித்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“தப்புன்னு தெரியும் தம்பி. ஆனா வேற வழி தெரியல. சின்னவர் சாப்பாட்டு நேரத்துல உள்ள வருவார். வர்றார்னு எனக்கு ஒரு சத்தமும் கிடையாது. பாதி வவுச்சர் அடிச்சிருப்பேன், திடீர்னு திரை பூட்டிக்கும். அவர் பார்த்துட்டுப் போனப்புறம் நான் திறந்தா, அடிச்சது இருக்காது. ரெண்டு தடவை சரக்குக் கணக்கு உதைச்சுது. ‘ஐயாவுக்கு வயசாச்சு, விட்டுடுறார்’னு ஆச்சிகிட்ட பேச்சு வந்துச்சு.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஒரு பேரேட்டுல ஒரே நேரத்துல ரெண்டு பேனா ஓடக்கூடாது தம்பி. ஐந்தொகை எப்படி நேராகும்?” என்றார்.

நடந்தது துல்லியமாக இதுதான். விண்டோஸ் ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் திரை. உள்ளே இருப்பவரும் வெளியிலிருந்து வருபவரும் ஒரே யூசராக இருந்தால், விண்டோஸுக்கு இருவரும் ஒரே ஆள். ‘தன் திரையைத் தானே வேறு இடத்திலிருந்து கேட்கிறார்’ என்று எடுத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் இங்கே பூட்டி அங்கே திறந்துவிடும். முதலாளியின் திரையில் பாதி அடித்த வவுச்சர் தெரியும். அவர் அது ஏதோ பழையது என்று எண்ணி எஸ்கேப் அழுத்தி, வெளியேறவா என்ற கேள்விக்கு ஆம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட் பார்க்கப் போவார். டாலியில் கன்ட்ரோல்-ஏ கொடுத்து ஏற்றுக்கொள்ளும் வரை வவுச்சர் வவுச்சரே இல்லை. அது போயே போயிற்று. முதலாளிக்குத் தான் எதையும் அழித்ததாகத் தெரியாது. ஐயாவுக்குத் தான் அடித்தது எங்கே போனது என்று தெரியாது. இரண்டு பேரும் நேர்மையானவர்கள். நடுவில் இருந்த ஒரு யூசர் பெயர் இருவரையும் ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்பட வைத்துவிட்டது. ஐயா கடைசியில் கண்டுபிடித்த பாதுகாப்பு, அந்த ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரை உலகத்திலிருந்து பிரித்து வைப்பது. கணக்கைக் காப்பாற்றத்தான் செய்தார்.

இதை முதலாளியிடம் யார் சொல்வது என்று ஐயாவையே கேட்டேன். “நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல இருக்கேன்” என்றார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம். நான் பதிவேட்டில் பார்த்ததையும், எஸ்கேப் அழுத்தினால் என்ன ஆகும் என்பதையும் வரிசையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, “ஐயா, அந்த ரெண்டு தடவையும் நான்தானா?” என்று கேட்டார். அதற்குமேல் அந்தப் பேச்சை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஒரு இடைச்சொல். செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்க் கடை வைத்த காலத்தில் முதலாளி ஊரில் இருப்பார், ஏஜெண்டு அங்கே கணக்கு எழுதுவார். மூன்று வருடத் தவணை. கணக்கும் கடிதமும் கப்பலில் வரும். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில், அதாவது செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கட்டடங்களில், உட்கார்ந்து எழுதிய கணக்கை இங்கே வளவில் வைத்துப் படித்திருக்கிறார்கள். இந்த வீட்டில் திசை மாறிவிட்டது: முதலாளி அங்கே, பேரேடு இங்கே. ஆனால் தூரத்தில் இருப்பவர் பார்ப்பார், பக்கத்தில் இருப்பவர் எழுதுவார் என்ற பிரிவு அன்றைக்கு இருந்தது. அதைத்தான் இந்த அமைப்பில் தொலைத்துவிட்டிருந்தோம். நான் செய்த மாற்றங்கள் எல்லாம் அதை மறுபடி கொண்டுவருவதற்கே.

செய்தவை

யூசரைப் பிரித்தேன். ஐயாவுக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று. இரண்டும் சாதாரண யூசர்கள், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லை. முதலாளியின் யூசரை மட்டும் ‘ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்’ குழுவில் சேர்த்தேன். பழைய ‘அட்மின்’ பெயரை மாற்றி, ரிப்பேர் வேலைக்கு மட்டும் என்று ஒதுக்கினேன். அட்மினிஸ்ட்ரேட்டர்களுக்கு ரிமோட் வழி இயல்பாகவே திறந்திருக்கும் என்பதால், லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் அந்த யூசருக்கு ரிமோட் டெஸ்க்டாப் வழி நுழைவை மறுத்துவைத்தேன். முதலாளிக்கு நீளமான பாஸ்வேர்ட். பின் நம்பர் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்காருபவருக்குத்தான் பயன்படும், ரிமோட்டில் செல்லாது. இது தெரியாமல் பின்னையே திரும்பத் திரும்ப அடித்துவிட்டு ‘பாஸ்வேர்ட் தப்புங்குது’ என்று தவிப்பவர்கள் நிறையப் பேர்.

யூசர்கள் வேறானதும் விண்டோஸின் நடத்தையே மாறிவிடுகிறது. ஐயா உட்கார்ந்திருக்கும்போது முதலாளி வந்தால், ‘வேறொருவர் உள்ளே இருக்கிறார், தொடர்ந்தால் அவர் துண்டிக்கப்படுவார்’ என்று முதலாளிக்கு எச்சரிக்கை வரும். தொடர்ந்தால், இன்னார் வர விரும்புகிறார், விடலாமா என்று ஐயாவின் திரையில் கேள்வி எழும். வேண்டாம் என்று அவர் சொல்லலாம். அரை நிமிடம் பதில் இல்லையென்றால்தான் விண்டோஸ் தானாக வழிவிடும். அப்போதும் ஐயா திறந்து வைத்தது அவருடைய யூசருக்குள் அப்படியே இருக்கும்.

வேலை நேரத்தில் முதலாளிக்குப் பார்க்கத் தோன்றினால் ரிமோட் டெஸ்க்டாப்பே வேண்டாம் என்று முடிவு செய்தோம். விண்டோஸிலேயே இருக்கும் க்விக் அசிஸ்ட் போதும். முதலாளி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து ஒரு குறியீடு எடுத்துப் போனில் சொல்வார். அது பத்து நிமிடம்தான் செல்லும். ஐயா அதை அடித்து, அனுமதி என்று அழுத்தினால்தான் திரை அங்கே தெரியும். இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்ப்பார்கள், பூட்டிக்கொள்ளாது. இயக்கும் உரிமையை அவர் தனியாகக் கேட்டு, ஐயா தனியாகக் கொடுக்க வேண்டும். இதைச் செய்து காட்டியபோது ஐயாவுக்கு முதலில் தயக்கம். போனில் யாரோ குறியீடு சொல்லி உள்ளே வந்து பணம் எடுத்த கதைகளை அவர் கேட்டிருக்கிறார். அவர் பயம் சரியானதே. 2019 பிப்ரவரியில் எனிடெஸ்க் செயலி வழியாக இப்படி நடப்பது பற்றி ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. அதனால் ஒரு விதி வைத்தோம்: முதலாளியின் எண்ணுக்கு ஐயாவே போன் செய்து, குரலைக் கேட்ட பிறகுதான் குறியீடு வாங்குவார். வந்த அழைப்பில் யார் சொன்னாலும் அடிக்க மாட்டார்.

பட்டறை மூடிய பிறகு, அங்கே ராத்திரி ஒன்பது, இங்கே ஆறரை, அதற்கு மேல் முதலாளி ரிமோட் டெஸ்க்டாப்பில் தாராளமாக வரலாம். அந்த வழிக்கு டெய்ல்ஸ்கேல் போட்டேன். வயர்கார்ட் என்ற குறியாக்க முறையை அடிப்படையாக வைத்த தனி வலை அது. சிங்கப்பூர் லேப்டாப்பும் ஆத்தங்குடி கம்ப்யூட்டரும் மட்டும் அதற்குள். ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை, நிலையான ஐபியும் தேவையில்லை. இங்கே பல ஃபைபர் இணைப்புகளில் ஒரு பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத்தான் கொடுக்கிறார்கள். அதிலும் இது வேலை செய்யும். அந்த அக்கவுண்டுக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம் என்று முதலாளியிடம் சொல்லி, அவர் போனிலேயே அமைக்க வைத்தேன். விண்டோஸ் ஃபயர்வாலில் ரிமோட் டெஸ்க்டாப் விதியைத் திறந்து, 100.64.0.0/10 என்ற வரம்பிலிருந்து வந்தால் மட்டும் விடு என்று சுருக்கினேன். டெய்ல்ஸ்கேல் முகவரிகள் அந்த வரம்பில்தான் வரும். திரையைக் காட்டுமுன்பே பாஸ்வேர்ட் கேட்கும் நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் ஏற்கெனவே போட்டிருந்தது, அப்படியே விட்டேன்.

இதில் இரண்டு இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். நானும் ஒன்றில் சறுக்கினேன். எல்லாம் முடித்துவிட்டு, கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க மெயினையே அணைத்துப் போட்டேன். பயாஸில் ‘கரண்ட் வந்ததும் தானே எழு’ என்று வைத்திருந்ததால் கம்ப்யூட்டர் எழுந்தது. ஆனால் சிங்கப்பூரிலிருந்து வர முடியவில்லை. விண்டோஸில் யாராவது லாகின் செய்யும் வரை டெய்ல்ஸ்கேல் இணையாது, ‘ரன் அன்அட்டெண்டட்’ என்பதில் டிக் இல்லாவிட்டால். போட்டபின் மறுபடி மெயினை அணைத்து, யாரும் கீபோர்டைத் தொடாமல் அவரை வரச் சொன்னோம், வந்தார். இன்னொன்று, டெய்ல்ஸ்கேலில் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் சாவியும் இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். ஆறு மாதம் நன்றாக ஓடிவிட்டு ஒரு நாள் காரணமே இல்லாமல் நிற்கும். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும் அதை நிறுத்திவைத்தேன். எங்கும் தூக்கிப் போகும் லேப்டாப்புக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தூங்கும் நேரத்தை ‘ஒருபோதும் இல்லை’ என்று வைத்தேன், திரை மட்டும் அணையலாம். முதலாளி ஜன்னலைக் குறுக்குக் குறி போட்டு மூடினால் அவர் யூசர் வெளியேறாது, பின்னால் டாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காலையில் ஐயா வந்து திறக்கும்போது மறுபடி இடிக்கும். அதனால் குரூப் பாலிசியின் செஷன் டைம் லிமிட்ஸில், துண்டித்த செஷன் ஒரு மணி நேரத்தில் முடியட்டும் என்று வைத்தேன். ஐயாவும் கிளம்பும்போது பூட்டாமல் சைன் அவுட் செய்கிறார்.

திரை நின்று நின்று நகர்ந்ததற்கு மருந்து செட்டிங்கில் இல்லை, சுவரில் இருந்தது. வீட்டுக்குள் ரவுட்டருக்குப் பிங் கொடுத்து, பதில் வர ஆகும் நேரத்தைப் பார்த்தாலே சில மில்லி செகண்டிலிருந்து சில நூறு வரை எகிறியது. கடல் தாண்டி சிங்கப்பூருக்குப் போய்வர ஆகும் நேரத்தைவிட இரண்டு சுவரைத் தாண்டும் நேரம் அதிகம். கலரை 16 பிட்டாகக் குறைத்து, வால்பேப்பரையும் அசைவுகளையும் அணைத்துப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் ஒரு நாள் முழுவதும் ஒதுக்கி கேட்-6 கேபிள் இழுத்தோம். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், வீட்டு நீளம் அதற்குள்தான். சுவரில் ஓட்டை போட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பளபளக்கும் சாந்துப் பூச்சை உடைத்தால் திரும்பப் பூச ஆள் கிடைப்பது அரிது. வளவின் தாழ்வார மரச்சட்டத்தின் மேலேயே ஓட்டி, பழைய மின் ஒயர் போன வழியில் இரண்டாம் கட்டுக்குள் கொண்டுபோனோம். வைஃபையை அந்தக் கம்ப்யூட்டரில் அணைத்துவிட்டேன். மோடத்துக்கு ஒரு சின்ன யூபிஎஸ். இத்தனை நாளும் கரண்ட் போனால் கம்ப்யூட்டர் மட்டும் விழித்திருந்து மோடம் தூங்கிவிடும்.

பிரிண்டர் விஷயம் எளிது. முதலாளியின் லேப்டாப்பிலிருந்து பிரிண்டரும் கூடவே உள்ளே வந்து இயல்புப் பிரிண்டராக உட்கார்ந்துகொண்டிருந்தது. கனெக்‌ஷன் ஜன்னலில் லோக்கல் ரிசோர்சஸ் பகுதியில் பிரிண்டர், டிரைவ் இரண்டின் டிக்கையும் எடுத்தேன். க்ளிப்போர்டு மட்டும் வைத்தேன். ஆபீஸ் பக்கம், இயல்புப் பிரிண்டரை விண்டோஸே தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை நிறுத்தி, டாட் மேட்ரிக்ஸை நிலையாக்கினேன்.

பிறகு

வேலை மொத்தம் நான்கு நாள். கடைசி நாள் ஐயா ஒரு நீளமான கணக்கு நோட்டில் எல்லாவற்றையும் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டார். எந்த யூசர் யாருக்கு, சைன் அவுட் எப்படி, க்விக் அசிஸ்டில் எந்தப் பொத்தான் என்று. ரிமோட் டெஸ்க்டாப்பின் சான்றிதழ் கம்ப்யூட்டர் தானே எழுதிக்கொள்வது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும், அப்போது முதலாளிக்கு ஒரு மஞ்சள் எச்சரிக்கை வரும், பயப்படாமல் எனக்குப் போன் செய்து, கைரேகை எண் எனப்படும் அந்தச் சான்றிதழின் அடையாள எண்ணைச் சரிபார்த்துவிட்டு ஆம் கொடுக்கலாம் என்பதையும் தேதி போட்டு எழுதினார். நிலையான ஐபிக்கான வாடகையை அடுத்த பில்லோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குப் படிவத்துக்குக் கடைசி நாள் என்பதால் ஐயா ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தார். நான் யூபிஎஸ் பேட்டரி மாற்றப் போயிருந்தேன். ஒரு பெரிய ஆர்டரின் பில், எட்டங்குலக் கல் ஒரு வரி, பத்தங்குலம் ஒரு வரி, பார்டர் தனியாக என்று நீளமாக அடித்துக்கொண்டிருந்தார். நடுவில் திரையில் கேள்வி எழுந்தது: முதலாளியின் யூசர் வர விரும்புகிறார், விடலாமா? ஐயா கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு ஒருமுறை படித்தார். வேண்டாம் என்பதை அழுத்தினார். போனை எடுத்து, “சின்னவரே, பில்லுல பாதியில இருக்கேன், பத்து நிமிஷம்” என்றார்.

“சரிங்கய்யா, முடிச்சுட்டுக் கூப்பிடுங்க” என்று ஸ்பீக்கரில் கேட்டது. ஐயா மீதி வரிகளை அடித்து, கூட்டுத்தொகையை விரல் வைத்து ஒருமுறை சரிபார்த்து, கன்ட்ரோல்-ஏ கொடுத்தார். டாலியை மூடி, சைன் அவுட் செய்துவிட்டு, போனை எடுத்தார்.